லிலிபாண்டும் அம்மாவின் நோட்டும்

அக்கா மகள் வெஸ்டர்ன் வயலின் கற்றுக்கொள்கிறாள். ஐந்து கோட்டில் எழுதித் தந்தால் எதையும் வாசித்துவிடுவாள். 'ஸ ரி க ம' என்று எழுதித் தந்தால் விழிப்பாள். "பாட்டி பாடின பாட்டு ஒண்ணு எனக்கு எழுதித் தாங்க மாமா" என்று கேட்டாள். அம்மாவின் பாட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. அம்மா இல்லை. அம்மாவோடு ஒரே வாத்தியாரிடம் கற்றுக்கொண்ட சித்தி இருக்கிறார். நோட்டில் இருந்த தோடி ராகக் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டுக் கணினியில் லிலிபாண்ட் நிறுவி உட்கார்ந்தேன்.

இந்தப் பதிவு அந்த மென்பொருளைப் பற்றிய விமர்சனம்தான். பாட்டு நடுவில் வரும். எனக்கு இரண்டையும் பிரித்து எழுதத் தெரியவில்லை.

லிலிபாண்ட் ஓர் இலவச மென்பொருள். 1996இல் நெதர்லாந்தில் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் என்ற இருவர் தொடங்கியது. குனு திட்டத்தில் சேர்ந்தது. மியூஸ்ஸ்கோர் போன்றவற்றில் மவுஸைக் கொண்டு கோட்டின் மேல் ஸ்வரத்தை வைக்கிறோம். இதில் அது கிடையாது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இசையை எழுத்தாக எழுத வேண்டும். அதை லிலிபாண்டிடம் கொடுத்தால் பிடிஎஃப் வரும். கம்பைலர் மாதிரி. இருபது வருடமாக கோட் எழுதுகிறவனுக்கு இது பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை.

நிறுவுவதில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். முன்பு விண்டோஸுக்கு வழக்கமான இன்ஸ்டாலர் இருந்தது. 2022 டிசம்பரில் வந்த 2.24இலிருந்து வெறும் ஜிப் ஃபைல்தான். விரித்து ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் லிலிபாண்டை டபுள் கிளிக் செய்தால் ஒரு கறுப்பு ஜன்னல் தோன்றி மறையும். 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது கமாண்ட் ப்ராம்ப்ட்டிலிருந்து கூப்பிட வேண்டிய புரோகிராம், அவ்வளவுதான். கறுப்பு ஜன்னல் வேண்டாம் என்றால் ஃப்ரெஸ்கோபால்டி என்ற எடிட்டரையும் தனியாக நிறுவி, அதன் செட்டிங்கில் லிலிபாண்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டுங்கள். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் பக்கம் எப்படி வருகிறது என்று தெரியும். முதல் தடவை ஓடும்போது கணினியில் உள்ள எழுத்துருக்களை எல்லாம் அது படித்துக்கொள்ளும், நேரம் ஆகும். காபி போடப் போகலாம்.

எனக்கு மாட்டிய மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஸ்வரப் பெயர்கள். செய்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பதால் இயல்பாக இருப்பது டச்சுப் பெயர்கள். சி ஷார்ப் என்றால் 'சிஸ்', டி ஃபிளாட் என்றால் 'டெஸ்'. ஒரு வரி சேர்த்து ஆங்கில முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, காற்புள்ளி. நம் ஸ்வரக் குறிப்பில் காற்புள்ளி என்றால் கார்வை, முந்தைய ஸ்வரத்தை நீட்டு என்று பொருள். லிலிபாண்டில் காற்புள்ளி போட்டால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். பழக்க தோஷத்தில் முதல் நாள் பாதிப் பாட்டைக் கிணற்றுக்குள் தள்ளியிருந்தேன். மூன்று, தமிழ் சாகித்யம். ஃபைலை யூடிஎஃப்-8இல் சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும், ஆனால் எந்தத் தமிழ் எழுத்துரு என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. சொல்லை ஸ்வரத்துக்கு ஏற்பப் பிரிக்கும்போது முழு எழுத்தாகப் பிரிக்க வேண்டும். மெய்யிலிருந்து கொம்பையோ காலையோ தனியே பிரித்தால் புள்ளி வட்டம் வந்து நிற்கும்.

இவ்வளவும் இரண்டு மாலைப் பொழுதின் வேலை. அதற்குப் பிறகு லிலிபாண்ட் என்னை வியக்க வைத்தது.

ஆதி தாளம், எட்டு அக்ஷரம். அக்ஷரத்துக்கு நாலு மாத்திரை என்று வைத்து ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முடிவிலும் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டே போனேன். லிலிபாண்டில் அந்தக் கோடு ஒரு கேள்வி. 'இங்கே கணக்கு முடிகிறதா?' என்று பார்த்து, முடியாவிட்டால் எச்சரிக்கை தரும். சரணத்தில் ஓர் இடத்தில் 31/16 என்று காட்டியது. என் தட்டச்சுப் பிழை என்று நினைத்து நோட்டைப் பார்த்தால், அம்மாவின் கையெழுத்திலேயே ஒரு கார்வை விட்டுப்போயிருக்கிறது. எத்தனை வருடமாக அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்! அம்மா கவனித்திருக்கவே மாட்டார். அவர் பாடுவது நோட்டைப் பார்த்து அல்ல. சித்திக்கு போன் செய்து கேட்டேன். தொடையில் தாளம் போட்டுப் பாடிப் பார்த்து, எந்த ஸ்வரம் நீள வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டார்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே லிலிபாண்டைச் சிபாரிசு செய்வேன். மவுஸால் வைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் குறைந்த இடத்தில் தாங்களே ஓர் ஓய்வுக் குறியைப் போட்டு நிரப்பிவிடும். கணக்கு சரியாகிவிடும், பிழை மறைந்துவிடும். இது மறைக்காமல் நம்மைக் கேட்கிறது.

இனி மறுபக்கம்.

தோடிக்கு ஸ்வரங்கள்: ஸ, சுத்த ரி, சாதாரண க, சுத்த ம, ப, சுத்த த, கைசிகி நி. ஸ-வை 'சி' என்று வைத்தால் நாலு ஃபிளாட். லிலிபாண்டில் 'ஃப்ரிஜியன்' என்ற பழைய ஐரோப்பிய ஸ்கேல் தயாராகவே இருக்கிறது. 'சி ஃப்ரிஜியன்' என்று ஒரே வரி. எழுதியவுடன் தோடியைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம். பிடிஎஃப் வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கணினிக்கு முந்தைய காலத்தில் உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட ஐரோப்பிய இசைப் பக்கங்களை முன்மாதிரியாக வைத்துத்தான் லிலிபாண்டை உருவாக்கினார்கள். கோட்டின் தடிமன், ஸ்வரங்களுக்கு இடையே உள்ள வெளி எல்லாம் அந்தக் கணக்கு. அம்மாவின் பாட்டு ஒரு பெரிய பதிப்பகத்தின் புத்தகம் போல இருந்தது.

சித்தி வீட்டுக்கு அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வயலினை எடுத்தாள். ஒரு தவறும் இல்லாமல் வாசித்தாள். சித்தி முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிக்கிற கண்ணு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா, இது என்ன ராகம்? காந்தாரம் கட்டையா நிக்குதே" என்றார்.

தோடி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்தின் பக்கமும் மத்தியமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. நோட்டில் அம்மா 'க' என்று ஓர் எழுத்து போட்டிருக்கிறார். அது அவருக்கு ஒரு நினைவுக்குறி, மீதியைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். நான் அதை 'ஈ ஃபிளாட்' ஆக்கினேன். ஐந்து கோட்டில் அது ஓர் உத்தரவு. இந்த இடத்தில், இந்தச் சுருதியில், இவ்வளவு நேரம் நில்.

ஒரு மாத்திரை குறைந்ததற்கு எச்சரித்த லிலிபாண்ட், பாட்டு முழுக்க வந்த காந்தாரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முடியாது. அதன் உலகத்தில் ஸ்வரம் என்றால் ஒரு புள்ளி. காலக் கணக்கு இரண்டு இசைக்கும் பொது, அதனால் அங்கே கேள்வி கேட்டது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1893இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்று நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் அச்சிட்டார். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரைத் தன்னிடம் இருந்ததை வெளியிடத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கொண்டுவந்தபோது ஐந்து கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வர எழுத்துகளையே வைத்து, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி ஏற்படுத்தி, அச்சில் அவற்றை எழுத்தின் மேலேயே போட்டார். அசைவைச் சொல்லாமல் ஸ்வரத்தை மட்டும் அச்சிட அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நானும் முயன்றேன். காந்தாரத்தைப் பொடிப் பொடி ஸ்வரங்களாக உடைத்து ரிஷபம், மத்தியமம் என்று மாற்றி மாற்றி எழுதினேன். பக்கம் எறும்புப் புற்று மாதிரி ஆனது, வாசித்தால் டைப்ரைட்டர் சத்தம். மேற்கத்திய அலங்காரக் குறி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அக்கா மகள் அதற்கு மொசார்ட் அர்த்தத்தில் வாசித்தாள். அவள் மேல் தப்பில்லை.

கடைசியில் செய்தது இது. கோட்டில் எளிய ஸ்வரம், அதற்குக் கீழே தமிழில் 'க', மேலே 'அசைவு' என்று சிறிய எழுத்தில். பக்கத்தின் தலையில், 'நோட்டிலிருந்து எடுத்தது. காந்தாரம் இதில் இல்லை, பதிவில் கேட்கவும்' என்று ஒரு வரி. சித்தியைப் பாடச் சொல்லி போனில் பதிந்து அவளுக்கு அனுப்பினேன். இப்போது அவள் தாளை வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டு வாசிக்கிறாள். இன்னும் தோடி வரவில்லை. ஆனால் எது வரவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது.

லிலிபாண்ட் ஃபைலில் சதவீதக் குறி போட்டு எழுதினால் அது நமக்கான குறிப்பு, அச்சில் வராது. என் ஃபைலில் அப்படி நிறைய இருக்கிறது: 'இங்கே கார்வை சித்தி சொன்னது', 'இந்த ரி சந்தேகம்', 'அம்மா இதை வேறு மாதிரி பாடுவார் என்று நினைவு'. பிடிஎஃபில் இதில் ஒன்றும் தெரியாது. சந்தேகமான ரிஷபமும் உறுதியான பஞ்சமமும் ஒரே கறுப்பில், ஒரே நேர்த்தியில் நிற்கும். என் பெரிய புகார் இதுதான். கையெழுத்து நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், மை மாறியிருக்கும், பார்க்கிறவர் கொஞ்சம் யோசிப்பார். இவ்வளவு அழகான அச்சைப் பார்த்து யாரும் யோசிக்க மாட்டார்கள்.

அதனால் நீங்களும் வீட்டு நோட்டுகளை ஏற்ற நினைத்தால் லிலிபாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும். 2024 ஆகஸ்டில் ஃபினாலே மென்பொருளை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தபோது, பல வருட உழைப்பை அதன் ஃபைல்களில் வைத்திருந்தவர்கள் பட்ட கவலை உங்களுக்கு வராது. ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் பிடிஎஃபை மட்டும் கொடுக்காதீர்கள். மூல ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள், பாடத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே ஒரு பதிவையும் எடுத்துவிடுங்கள். நோட்டில் இன்னும் பதினோரு பாட்டு இருக்கிறது. இந்த முறை நான் முதலில் சித்தி வீட்டுக்குப் போகிறேன், கணினியை அப்புறம் திறக்கலாம்.