செருப்பில்லாத ஆரோக்கியம்

‘தன் உடல்நலம் பாராமல் உழைத்தவர்.’ நம்முடைய இரங்கல் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் யாரையும் நாம் வழியனுப்புவதில்லை. நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். இறங்கி வரும்போது நன்றாகப் பேசிவிட்டதாகத்தான் நினைப்பு. இப்போது அந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உடம்பைப் பார்க்காமல் வேலை செய் என்று பண்ணாடி காலங்காலமாகச் சொன்னதையே நாம் புகழ்ச்சியாக மாற்றிச் சொல்கிறோமா? இந்தச் சந்தேகம் புத்தகம் படித்து வந்ததல்ல. என் அம்மாவின் காலிலிருந்து வந்தது.

எங்களுக்கு அஸ்தம்பட்டி. விடியற்காலையில் ஏற்காடு ரோட்டில் வந்து நின்று பாருங்கள். வெள்ளை ஷூ போட்டவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். ரிட்டையர் ஆன அதிகாரிகள், வக்கீல்கள், கடை முதலாளிகள். பல பேருக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதே ரோட்டில் அதே நேரத்தில் துப்புரவுப் பெண்கள் விளக்குமாற்றோடு நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களிலும் சர்க்கரை உள்ளவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நடப்பதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. சர்க்கரையைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. நோய் ஊரையும் சேரியையும் தாண்டிவிட்டது. நோயோடு வாழ்கிற விதம் தாண்டவில்லை.

அம்மா ஒரு பங்களாவில் பல வருஷம் வேலை செய்தார். பாத்திரம், துணி, தரை துடைப்பதில் ஆரம்பித்து, கடைசியில் அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்வதில் போய் நின்றது. பெரியவருக்கும் சர்க்கரை, அம்மாவுக்கும் சர்க்கரை. இருவருக்கும் மாத்திரைகூட ஒன்றுதான், மெட்ஃபார்மின். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும், முள் குத்தினாலும் தெரியாது, அதனால் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் இருவருக்கும் சொல்லியிருந்தார். பெரியவருக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வந்தார்கள். காலையில் அவர் கட்டிலை விட்டு இறங்கும்போது குனிந்து அதை மாட்டிவிடுவது அம்மாவின் வேலை. அம்மாவின் செருப்பு பின்பக்கக் கேட்டுக்கு வெளியே கிடக்கும்.

கழற்றிவிட்டு வா என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித்தான் நடக்க வேண்டும் என்பதில்லையே. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பேத்தி அவர். நான் ஒருமுறை கேட்டதற்கு, “அவுங்க ஊட்டுக்குள்ளார நாம செருப்பு போட்டுக்கிட்டுத் திரியறதா? என்ன கண்ணு பேசற நீ” என்றார்.

ஈரத்தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லு ஒருநாள் ஏறியது. அம்மாவுக்குத் தெரியவில்லை. துடைத்த தரையில் சிவப்பாகத் தடம் விழுந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முதலில் தரையைத் துடைத்திருக்கிறார், அப்புறம்தான் காலைப் பார்த்திருக்கிறார். புண் சீழ் பிடித்துக் கறுத்து, வலது காலில் ஒரு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில், “ஏம்மா, செருப்பு போடணும்னு தெரியாதா?” என்று அதட்டினார்கள். தெரியும். அறிவுரை அம்மாவின் காதுவரைக்கும் வந்திருந்தது. காலுக்கு வரும் வழியில் சாதி உட்கார்ந்திருந்தது.

ஆரோக்கியம் என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. நோயில்லாமல் இருப்பது மட்டுமல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்றது அது. ‘சமூக’ என்ற சொல்லை உள்ளே வைத்தது பெரிய காரியம். ஆனால் ‘முழுமை’ என்றதும் வயதானவர்கள் எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். குணமாகாத நோயோடு மிச்ச வருஷத்தை வாழ வேண்டியவர் ஒருநாளும் ஆரோக்கியமாக இருக்க முடியாதா? இந்தக் கேள்வியை எழுப்பி 2011இல் ஹாலந்து மருத்துவர் மக்டெல்ட் ஹூபரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். வருகிற கஷ்டத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன்தான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கட்சி. முந்தியதைவிட இது மனிதத்தனமானது. ஆனாலும் சேரியிலிருந்து வாசிக்கும்போது வேறு மாதிரி கேட்கிறது. தன்னை மாற்றிக்கொண்டு சமாளிப்பதை எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? அந்தக் கணக்குப்படி சேலம் ஜில்லாவிலேயே ஆரோக்கியமான பொம்பளை என் அம்மாதான்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தைப் பரீட்சைக்காகப் படித்தேன். பத்தில் பாதிக்கு மேல் முன்னே உண்டது செரித்ததா பார், அளவாக உண் என்ற புத்தி. சோறு இருக்கிறவனுக்குச் சொன்னது. வகுப்பில் நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அம்மா படுத்திருந்தபோது கடைசிக் குறள் நினைவுக்கு வந்தது. நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் என்று நான்கு பேரைச் சேர்த்துத்தான் வைத்தியம் என்கிறது. நாலாவது ஆள் முக்கியம். அஸ்தம்பட்டி பங்களாக்களில் நான் கண்ட நாலாவது ஆட்களில் முக்கால்வாசி நம் பெண்கள். அந்த நாலாவது ஆளுக்கு நோய் வந்தால் நாலாவது ஆள் யார்? உரைகளில் நான் தேடியவரை இந்தக் கேள்வி இல்லை.

நம் இலக்கியத்தில் இருக்கிறதா? இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதன் நாயகியின் பெயரே ஆரோக்கியம். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர். கிறித்தவச் சேரிகளில் சாதாரணமாக வழங்கும் பெயர்தான். புதிரை வண்ணார் சாதி, சேரிக்கே துணி வெளுக்கிறவள். பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் அவள் கை படாமல் அந்தத் தெருவில் ஒரு காரியமும் நடப்பதில்லை. நாவல் வந்தபோது, தலித்துக்குள்ளேயே ஒடுக்குமுறை இருப்பதாக எழுதலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்று பெரிய சண்டை நடந்தது. சண்டை வேண்டியதுதான். ஆனால் நான் படித்த விமர்சனங்களில் ஆரோக்கியத்தின் உடம்பைப் பற்றி யாரும் நின்று பேசவில்லை. மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்து, வயது ஏறிக்கொண்டே போகிற உடம்பு. மகன் பிரிந்து போகிறான், களத்தில் கிடைக்கும் தானியம் குறைகிறது, அவளுக்கு ஓய்வு என்று ஒரு நாள் நாவலில் வருவதில்லை. அவள் எழுந்து நடமாடுகிறவரை தெரு அவளை நல்லாயிருக்கிறாள் என்றுதான் நினைக்கும். ‘உடம்பு நல்லாருக்கா?’ என்று கேட்டால் ‘வேலைக்கு வருவியா?’ என்று அர்த்தம். அதைக் கேட்கிறது ஆதிக்க சாதி மட்டுமல்ல, நாமும்தான் என்பது அந்த நாவல் நம்மேல் வைக்கிற குற்றச்சாட்டு. அதற்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்படியானால் அண்ணல்? உடல்நலம் பாராமல் உழைத்தவர் என்று நாம் முதலில் சொல்வது அவரைத்தானே. 1948 பிப்ரவரியில் அரசியல் சட்ட வரைவைக் கொடுத்தார். அந்த ஏப்ரல் 15ஆம் தேதி டாக்டர் சாரதா கபீரை மணந்தார். சவிதா அம்பேத்கர் ஆனார் அவர். அதற்கு முன்பே அண்ணலுக்கு நீரிழிவு, கால் நரம்பு வலி. ஒன்றும் குணமாகவில்லை. இன்சுலினோடும் பத்தியத்தோடும்தான் மிச்ச எட்டரை வருஷமும். அதற்குள்தான் அரசியல் சட்டம், இந்துச் சட்டத் தொகுப்பு, 1951இல் ராஜினாமா, ‘புத்தரும் அவர் தம்மமும்’, 1956 அக்டோபர் 14 நாக்பூர். அவர் உடம்பைப் பார்க்காதவர் அல்ல. பார்த்துக்கொண்டார், பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொண்டார், அந்த மிச்ச பலத்தை எதற்குச் செலவழிப்பது என்று தானே முடிவு செய்தார். நோயாளியாக இருந்த அந்த மனிதரை, இந்த அர்த்தத்தில், ஆரோக்கியமானவர் என்றே நான் சொல்வேன். அவருக்கு ஊசி போட்டுச் சோறு பார்த்த சவிதாவை, அவர் 1956 டிசம்பர் 6இல் இறந்ததும் இயக்கத்தவர் சிலர் சந்தேகப்பட்டார்கள். பிராமணப் பெண் என்பது காரணம். சாதியின் மேல் நமக்குள்ள கோபம் நியாயம். ஆனால் நாலாவது ஆளை நாம் நடத்திய விதத்துக்கு அது சமாதானம் ஆகாது.

அந்தக் கடைசிப் புத்தகத்தின் முன்னுரையில் ஓர் இடம் இருக்கிறது. சித்தார்த்தன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் முதல்முறையாகப் பார்த்து வீட்டை விட்டுப் போனான் என்ற கதையை அம்பேத்கர் நம்ப மறுக்கிறார். நூற்றுக்கணக்கில் நடக்கிற சங்கதிகளை 29 வயதுவரை ஒருவன் பார்க்காமல் இருப்பானா என்று கேட்கிறார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போட்ட சண்டையைத்தான் துறவுக்குக் காரணமாக வைக்கிறார். இதைத் தர்க்கம் என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். எழுதிய கைக்குச் சொந்தக்காரர் 65 வயதை நெருங்கிய சர்க்கரை நோயாளி என்பதைச் சேர்த்துப் படியுங்கள். மூப்பும் நோயும் பார்த்துப் பயந்து ஓட வேண்டிய பொருள்கள் அல்ல அவருக்கு. ஒற்றை அறைக் குடிசையில் கிழவிக்கும் சீக்காளிக்கும் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அரண்மனைக் கதை எதற்கு? தண்ணீரை யார் பங்கு போடுகிறார்கள் என்பதே பிரச்சினை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்போது அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அரசுத் திட்டம் என்றாலே உதட்டைப் பிதுக்குவது நம் வழக்கம். நான் இதைப் பிதுக்கமாட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஒருநாள் கூலியை இழப்பது மிச்சம். மாத்திரை கொண்டு வருகிற பெண் தன்னார்வலர். ஊக்கத்தொகைதான், சம்பளம் கிடையாது.

போனமுறை வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். “போட்டுக்கிட்டே வா கண்ணு” என்றார் அம்மா. அவரும் வீட்டுக்குள் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தார், விரல் போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு. பிரஷர் பார்த்து நோட்டில் எழுதி முடித்ததும் அம்மா கேட்டார்: “உனக்குப் பாத்துக்கிட்டியா?”

“எங்கங்கம்மா நேரம். இன்னும் இருவது ஊடு இருக்குது.”

அம்மா விடவில்லை. முதலில் டீயைக் குடிக்க வைத்தார். அப்புறம் அந்தப் பெண் பிரஷர் பட்டையைத் தன் கையில் சுற்றிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.