வட்டியில்லாத் தவணையின் மறைவிலை

கடன் அட்டையின் மீது பூச்சிய வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது என இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அந்நாளில் புழங்கிய பூச்சிய வட்டித் திட்டங்களில், வட்டியாக வரவேண்டிய தொகை செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளரிடமே வாங்கப்பட்டு வந்தது. அந்தக் கண்டிப்புக்குப் பிறகு திட்டம் மறைந்துவிடவில்லை. கணக்கைச் சற்று மாற்றிக்கொண்டு ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’, அதாவது கூடுதல் செலவில்லாத மாதத் தவணை, என்ற பெயரில் இணையவழி விற்பனைத் தளங்களிலும் மின்பொருள் கடைகளிலும் முன்னிலும் பரவலாக வந்து நிற்கிறது.

இன்றைய ஏற்பாட்டில் வட்டி உண்டு. அதற்கு ஈடான தொகையை விற்பனையாளரோ உற்பத்தி நிறுவனமோ முன்தள்ளுபடியாக, அதாவது கடன் தொடங்கும்போதே விலையிலிருந்து கழித்து, தந்துவிடுவதால் அது வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. 30,000 ரூபாய் விலை குறித்த கைப்பேசி ஒன்றை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் ஆறு மாதத் தவணையில் வாங்குவதாகக் கொண்டால், ஏறத்தாழ 1,270 ரூபாய் தள்ளுபடி போக, வங்கி கடனாக எழுதுவது 28,730 ரூபாய். அதற்கு வட்டி சேர்த்து மாதம் 5,000 வீதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் மீண்டும் 30,000 ஆகிறது. ஆனால் கடன் அட்டை வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் 229 ரூபாயும், செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235 ரூபாயும் தனியே ஏறுகின்றன. செலவில்லை என்று சொல்லப்பட்ட தவணைக்கு 464 ரூபாய் போய்விடுகிறது.

இத்தொகை பெரிதன்று என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. பழைய இருப்பைத் தள்ளிவிட விரும்பும் உற்பத்தி நிறுவனம் வட்டியை உண்மையாகவே ஏற்றுக்கொள்ளும் இடங்களில், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் நகையை அடகு வைக்காமல், கைமாற்றும் கேட்காமல், ஒரு குளிர்பதனப் பெட்டியையோ பிள்ளையின் படிப்புக்கு வேண்டிய மடிக்கணினியையோ வாங்கிக்கொள்ள முடிகிறது. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்த தமிழ்நாட்டில், கணக்குக்கும் விதிக்கும் உட்பட்ட இத்தகைய கடனைக் குறைத்து மதிப்பிடுவது தவறு.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதே கைப்பேசியை முழுத்தொகையும் ஒரே தடவையில் செலுத்தி வாங்குபவருக்கு 28,500 ரூபாய்க்குக் கடை தருமானால், தவணையில் வாங்குபவர் இழப்பது 464 ரூபாய் மட்டுமன்று, கிடைக்காமற்போன 1,500 ரூபாயும்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆண்டு வட்டியில் கடன் வாங்கியிருக்கிறார். ரொக்க விலை என்ன என்று பில் போடுமிடத்தில் கேட்காதவருக்கு இந்த வட்டி எந்தத் தாளிலும் தென்படாது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள், தவணையாக மாற்றுமுன் அசல், வட்டி, முன்தள்ளுபடி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும், மாதப் பில்லிலும் அவ்வாறே குறிக்க வேண்டும், வட்டியுள்ள தவணையை வட்டியில்லாததுபோல் மறைக்கக் கூடாது என்று விதித்தன. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆயினும் அவ்விதி அட்டை வழங்கும் நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. ரொக்க விலையைத் தவணை விலைக்கு அருகில் எழுதிவைக்கும் கடமை விற்பனையாளருக்கு அதனால் வருவதில்லை. ஒப்பிட வேண்டிய இரண்டு எண்களில் ஒன்று மறைந்திருக்கும்வரை வெளிப்படைத்தன்மை பாதியாகவே நிற்கும்.

இதைவிடக் கடுமையான இடர், தவணைக்கு வெளியே, அதே அட்டையின் மற்றச் செலவுகளில் இருக்கிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்து பில்லுக்குப் பணம் கட்டும் கடைசி நாள்வரை பொதுவாக 20 முதல் 50 நாள் வரை வட்டி கிடையாது. முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கே இச்சலுகை. தவணைச் சுமையால் ஒரு மாதம் கை இறுகி 1,000 ரூபாயை மட்டும் பாக்கி வைத்தவர், அடுத்த மாதத் தொடக்கத்தில் 40,000 ரூபாய்க்கு வீட்டுச் சாமான் வாங்கினால், அத்தொகை முழுவதற்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும், மாதம் 3.5 விழுக்காடு என்றால் முப்பது நாளில் 1,400 ரூபாயும் அதன்மேல் 252 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் ஆகும். பில்லில் காட்டப்படும் ‘குறைந்தபட்சத் தொகை’ தாமதக் கட்டணத்தைத்தான் தவிர்க்கும், இந்த வட்டியைத் தவிர்க்காது; பலர் இவ்வேறுபாட்டை அறியாமலே தானியங்கிப் பற்றில் குறைந்தபட்சத் தொகையைத் தேர்ந்துவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. மாதம் 3.5 என்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டதால், அந்த உச்சவரம்பும் இப்போது இல்லை.

வேறு சில இழப்புகளும் உண்டு. தவணையின் அசல் கடன் வரம்பிலிருந்து பிடித்துவைக்கப்பட்டு, கட்டக் கட்டவே விடுவிக்கப்படுகிறது. மூன்று நான்கு தவணைகள் ஒன்றுசேர்ந்தால் மருத்துவமனைச் செலவு வரும் நாளில் அட்டையில் இடமிருக்காது. பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் பல வங்கிகளில் தவணை தானாக நின்றுவிடுவதில்லை, கட்டிய வட்டியும் செயலாக்கக் கட்டணமும் திரும்பக் கிடைப்பதும் அரிது. முன்கூட்டியே கடனை முடிப்பவருக்கும் மீதி அசலில் ஒரு பங்கு கட்டணமாக விதிக்கப்படலாம்.

ஆகவே இத்திட்டம் ஏற்றதா என்பதைப் பொருளின் விலையோ வங்கியின் பெயரோ தீர்மானிப்பதில்லை. ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றாக இருந்து, வரியும் கட்டணமும் சேர்த்த கூடுதல் தொகை முன்னரே தெரிந்து, தவணை தவிர்ந்த மற்ற அட்டைச் செலவை மாதந்தோறும் முழுதாகக் கட்டும் வருவாயும் உள்ளவருக்கு இது பயன்தரும் வசதியே. இம்மூன்றில் கடைசி இல்லாதவர், தவணைக்கென ஓர் அட்டையை ஒதுக்கி, அன்றாடச் செலவை அதில் ஏற்றாமல் இருப்பது, ஒரு மாதப் பாக்கி மற்ற எல்லாச் செலவையும் வட்டிக்குள் இழுத்துவிடாமல் தடுக்கும்.