பாங்கொலியும் சிறுபொழுதும்

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை ஆராய்வோர், உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ்நாட்டு வளங்களால் புனைந்ததைப் பாராட்டி அமைவர். அப்பாராட்டு பொருந்துவதே, ஆயினும் நிறைவுடையதன்று. நிலத்தில் மட்டுமன்றிப் பொழுதைக் காணும் முறையிலும் இரு மரபுகளும் ஒத்து நிற்கின்றன.

ஐவேளைத் தொழுகைக்கு அளவுகோல் வானமும் நிழலுமே. கீழ்வானம் வெளுத்தது முதல் கதிர் எழும்வரை சுபுஹு. உச்சிப்பொழுது சாய்ந்ததும் லுஹர். நிழல் நீண்டபின் அஸர். கதிர் மறைந்ததும் மஃரிபு. மேல்வானின் ஒளி மங்கியபின் இஷா. மதீனாவில் தொழுகைக்கு அழைக்கக் கொம்பும் மணியும் எண்ணிப் பார்க்கப்பட்டு, முடிவில் மனிதக் குரலே கொள்ளப்பட்டது என்றும், முதலில் பாங்கு சொன்னவர் பிலால் என்றும் மரபு கூறும்.

தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்த சிறுபொழுதுகளை இவற்றோடு வைத்துப் பார்க்கலாம். வைகறை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் ஆகியன ஏறத்தாழ இவ்வைந்தனுக்கும் அணுக்கமாக நிற்கின்றன. எற்பாட்டைப் பிற்பகல் எனக் கொள்ளும் நச்சினார்க்கினியர் உரைப்படி, அது நெய்தலுக்குரிய பொழுது. காயல்பட்டினமும் கீழக்கரையும் நெய்தல் நில ஊர்கள் என்பதை நினைந்தால், அங்கு அஸர் பாங்கு எழும் பொழுதின் அழகு புலனாகும்.

ஆயினும் ஒப்புமையை எல்லை மீறி நீட்டலாகாது. கதிர் உச்சியில் நிற்கும்போது தொழுகை இல்லை; நண்பகலோ அவ்வுச்சியையும் தன்னுள் அடக்கியது. மேலும், அகத்திணையில் பொழுது உள்ளத்து உணர்வுக்குக் களம். இசுலாத்தில் அது கடமைக்கு வரம்பு. ஒன்றிலிருந்து மற்றது தோன்றியது என்பார் கூற்றுக்குச் சான்றில்லை. இயற்கையைக் கடிகாரமாகக் கொண்ட இரு மரபுகள் தமிழில் சந்தித்தன என்பதே பொருத்தம்.

இச்சந்திப்பின் பயனைச் சொற்களில் காணலாம். இந்நகரில் நமாசு, ரோசா, மசூதி என்னும் சொற்களையே மிகுதியும் கேட்கிறோம். தமிழ் முசுலிம்களோ தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்றனர். புதிய சமயத்தின் அடிப்படைக் கடமைகளைப் பழந்தமிழ்ச் சொற்களால் வழங்கிய மக்களின் இலக்கியத்தை அயலது என ஒதுக்குவது திறனாய்வாகாது.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. சென்னையினும் ஏறத்தாழ எட்டுப் பாகை கிழக்கே அமைந்ததால், இங்கு உச்சிப்பொழுது அரைமணி நேரம் முந்துகிறது. நண்பகல் நிழலை நீக்கிப் பொருளின் அளவு நிழல் நீண்டால் அஸர் என்பது, தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் சாபி நெறி. இருமடங்கு நீளவேண்டும் என்பது இங்குப் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி நெறி. ஆகவே காயலிலிருந்து நாகுதா பள்ளிவாசலுக்கு வருபவர் ஊர்க் கடிகாரத்தை நம்பித் தொழ இயலாது. கதிரைப் பார்க்கும் நெறியைக் கொண்டுவந்தால் போதும். எந்த ஊரிலும் பொழுது தப்பாது.

மொழிக்கும் இஃதே பொருந்தும். வைகறை, எற்பாடு என்னும் சொற்களை நம் பிள்ளைகள் தேர்வுக்கு மட்டும் கற்று மறப்பாராயின், பொழுதைத் தமிழால் காணும் கண்ணையே இழப்பர். நகரின் பாங்கொலி கேட்கும்போதேனும் அது எந்தச் சிறுபொழுது என அவர்களை வினவுவோமாக.