இரும்பு நிலாவும் நமது அளவுகோலும்

உழைப்பிலிருந்தே கவிதை பிறந்தது என்பது முற்போக்கு விமரிசகர் நெடுங்காலமாக எடுத்துரைத்துவரும் உண்மை. ஏற்றம் இறைத்தோரும் ஓடம் வலித்தோரும் தம் உடலசைவுக்கு இசையப் பாடினர். பலர் கூடிச் செய்த தொழிலின் தாளமே பாட்டின் தாளமாயிற்று. ஜோர்ஜ் தொம்சனின் ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறுநூலைப் படித்தோர் இதனை நன்கறிவர். ஆயின், உழைப்பின் தாளம் மனிதனிடமிருந்து பறிக்கப்பட்டு இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தில், அருகே நிற்பவனுடன் பேசுவதே குற்றமாகிவிட்ட இடத்தில், எத்தகைய கவிதை பிறக்கும்? சீனத் தொழிலாளி ஷூ லிஜியின் கவிதைகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

1990இல் குவாங்டொங் மாகாணத்திற் பிறந்த ஷூ, 2011இல் ஷென்சென் நகரத்துப் பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பிள் முதலிய கம்பெனிகளுக்குக் கைத்தொலைபேசிகளையும் கணினிகளையும் பொருத்திக் கொடுக்கும் தைவான் நிறுவனம் அது. அதற்கு முந்திய ஆண்டில் அந்நிறுவனத்தின் சீனத் தொழிற்சாலைகளில் 18 இளந்தொழிலாளர் தம்முயிரை மாய்க்க முயன்றனர். 14 பேர் இறந்தனர். உலகம் அதிர்ந்தது, சம்பளம் ஓரளவு உயர்ந்தது, பொருத்து வரிசை வழமைபோல் ஓடிற்று. அவ்வரிசையிலே வந்து நின்றவர்தாம் ஷூ. நூல்களோடு வாழ விரும்பிக் கம்பெனி நூலகத்தில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. 2014 செப்டெம்பர் 30ஆந் திகதி, தமது 24ஆவது வயதில், தம்முயிரைத் தாமே முடித்துக்கொண்டார். நண்பர்கள் அவருடைய கவிதைகளைத் திரட்டினர். 2015இல் அவை நூலுருப் பெற்றன. சின் ஷியாவோயு தொகுத்த சீனத் தொழிலாளர் கவிதைகள் எலினர் குட்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘இரும்பு நிலா’ என்ற பெயருடன் வெளிவந்துள்ளன. அப்பெயர் ஷூவின் கவிதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டதேயாம்.

இக்கவிதைகளை இருவகையாகப் படிக்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. இரண்டும் தவறானவை என்பது எமது கருத்து.

முதலாவது, மேலைத்தேயப் பெரும் பத்திரிகைகள் பலவற்றின் வாசிப்பு. அவர் இறந்த பின்னரே அவை அவரைக் கண்டுகொண்டன; ஒவ்வொரு வரியையும் மரணத்தின் முன்னறிவித்தலாகவே கொண்டன. இவ்வாறு படிக்கும்போது கவிஞன் மறைந்து பிணம் ஒன்றே எஞ்சுகிறது. உயிரோடிருக்கையில் அவன் கைகள் செய்த பொருளை ஒருவன் கொண்டுபோனான். இறந்தபின் அவன் எழுதிய சொல்லை இன்னொருவன் இரக்கப்பொருளாக விற்கிறான். இரக்கத்தோடு வாசித்தவர் அக்கவிதையைத் தம் கையிலிருந்த கைத்தொலைபேசியிலேயே வாசித்திருக்கவும் கூடும்.

இரண்டாவது வாசிப்பு நம்மவருடையது. சில கவிதைகளை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது உயர்தர வகுப்பு மாணவனொருவன், “சேர், இவற்றில் போராட்டமே இல்லையே, இவை எப்படி முற்போக்கு இலக்கியமாகும்?” என்று கேட்டான். நண்பர் சிலரும் இதையே வேறு சொற்களிற் கூறினர். நம்பிக்கை வரட்சி, தனிமனிதப் புலம்பல், நசிவு இலக்கியம் என்பன அவர்கள் தீர்ப்பு.

குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஷூவின் கவிதைகளில் ‘நான்’ மிகுதி, ‘நாம்’ அரிது. ஆனால் அந்தத் தனிமை எங்கிருந்து வந்தது என்று வினவாது தீர்ப்புக் கூறுதல் விமரிசனமாகாது. ஜெனி சான், மார்க் செல்டன், பூன் ஙாய் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வுநூலிலே தொழிலாளரின் வாக்குமூலங்கள் இடம்பெற்றுள்ளன. வரிசையிற் பேசத் தடை. வெவ்வேறு ஊரும் வெவ்வேறு வேலைநேரமும் உடையோரை ஒரே விடுதி அறையில் இடும் ஏற்பாடு. ஒருவன் உறங்க வரும்போது மற்றவன் வேலைக்குப் போகிறான். சட்டம் ஏற்கும் தொழிற்சங்க அமைப்போ அங்கு ஒன்றேயொன்று. கிராமத்துப் பதிவுடையவனுக்கு நகரத்தில் முழு உரிமையும் இல்லை. எனவே, ஷூவின் தனிமை அவருடைய சுபாவத்தின் குறைபாடு மட்டுமன்று. தொழிற்சாலையே தயாரித்துக் கொடுத்த தனிமை அது. அதனை ஒளிக்காது எழுதியமையே யதார்த்தம். அவ்விடத்தில் ஒரு செங்கொடியை வலிந்து நாட்டியிருப்பாராயின், கவிதை பொய்யாகியிருக்கும். கம்பெனிக்கும் அதனால் நட்டம் ஏதும் நேர்ந்திராது.

அவருடைய சாதனை சொல்லாட்சியிலும் உள்ளது. திருகாணி, சம்பளச் சீட்டு, மேலதிக நேர வேலை, இரவு வேலை ஆகியன கவிதைக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றை அவர் அலங்காரமாக எடுத்தாளவில்லை. தமது உடலின் உறுப்புகளைப் பெயர் சொல்வதுபோற் சொல்கிறார். பழங்கவிஞர் பலர் அண்ணாந்து பார்த்த நிலா, இவரிடம் இரும்பாகி வயிற்றினுள் இறங்குகிறது. உள்ளடக்கம் மாறும்போது உருவமும் மாறும் என்று நாம் வகுப்பறையிற் கூறுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

‘நாம்’ என்னும் குரல் இவ்விலக்கியத்தில் இல்லவே இல்லை என்பதும் பிழை. 2001இல் சிச்சுவானிலிருந்து டொங்குவான் நகரத் தொழிற்சாலைக்கு வந்த ஜெங் ஷியாவோச்சியொங், 2012இல் பெண் தொழிலாளரைப் பற்றிய கவிதை நூலொன்றை வெளியிட்டார். அதிலே பல கவிதைகளுக்குப் பெண்களின் பெயர்களே தலைப்பு. இலக்கத்தால் அழைக்கப்பட்டோரைப் பெயர் சொல்லி அழைப்பது, ‘நான்’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்குச் செல்லும் முதற்படியாகும்.

இது தொலைதூரத்துச் செய்தியுமன்று. அதே பொக்ஸ்கொன் நிறுவனத்தின் தொழிற்சாலையொன்று தமிழ்நாட்டுச் சுங்குவார்சத்திரத்தில் உண்டு. 2021 டிசெம்பரில் விடுதி உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர் மருத்துவமனை சென்றனர். தோழியரின் நிலை தெரியாது கலங்கிய பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஷூவின் கவிதையில் வாராத ‘நாம்’ அன்று வீதியில் தமிழ் பேசியது.

அப்பெண்களுள் ஒருத்தி நாளை எழுதுவாள். அவள் எழுத்தில் வெற்றி முழக்கம் இல்லாதிருக்கலாம். களைப்பும் அச்சமும் மாத்திரமே இருக்கலாம். அப்போது அதனை நசிவென்று தள்ளுவோமா, இரங்கிவிட்டு மறப்போமா, அன்றி அக்களைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்போமா? நமது அளவுகோல் அன்று சோதிக்கப்படும். அதனை இன்றே திருத்திக்கொள்ளுதல் நன்று.