அயலானின் வேலை

பெல்ஜிய நாட்டில் மியூஸ் ஆற்றங்கரையில் அமைந்தது செரேங் நகரம். லியேஜ் நாட்டை ஆண்ட ஆயர்களின் கோடைக்கால அரண்மனை அங்கிருந்தது. 1817-இல் அவ்வரண்மனையில் ஜான் காக்கரில் தொடங்கிய தொழிற்சாலை நாளடைவில் ஊரையே இரும்பு நகரமாக்கிற்று. 1970-களின் நடுவில் எஃகுத் தொழில் நலிந்தது. நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆலையை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வேலையற்றோராயினர். அப்பகுதியில் வளர்ந்த ழான்-பியர், லூக் தார்தென் சகோதரர்கள் அங்கேயே எடுத்து, 1999-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘ரொசெட்டா’, அத்தகைய பிள்ளை ஒருத்தியின் கதை.

குடிக்கு அடிமையான தாயோடு, வண்டி வீடுகள் நிற்கும் முகாமில் வாழ்பவள் ரொசெட்டா. பயிற்சிக் காலம் முடிந்ததென்று தொழிற்சாலை அவளை வெளியேற்றுகிறது. பிச்சை வேண்டாம், வேலையே வேண்டும் என்பது அவள் உறுதி. ‘வாஃபிள்’ பலகாரக் கடையில் பணிபுரியும் ரிக்கே அவளுக்கு நண்பனாகிறான். அவன் குளத்துச் சேற்றில் விழுந்து தவிக்கும்போது, அவன் இடம் தனக்குக் கிடைக்குமே என்ற எண்ணம் அவளைத் தயங்க வைக்கிறது. பிறகே கிளையை நீட்டிக் காப்பாற்றுகிறாள். ஆயினும், முதலாளி அறியாமல் அவன் செய்துவந்த சிறு விற்பனையைக் காட்டிக்கொடுத்து, அவன் வேலையைப் பெறுகிறாள்.

படத்தின் பெருமை இங்குதான் உள்ளது. வேலையின்மையைப் பசி, வறுமை என்றே பேசிப் பழகிவிட்டோம். அது அயலானைப் போட்டியாளனாக்கி, அவன் வீழ்ச்சியில் நம் வாழ்வைத் தேடச் செய்யும் சோதனை என்பதை இப்படம் உணர்த்துகிறது. உருக்கும் பின்னணி இசை இல்லை. ஒளிப்படக்கருவி அவள் முதுகோடு ஒட்டி ஓடுகிறது. எட்ட நின்று அவளைத் தீர்ப்பிட நமக்கு இடமே இல்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் விடுத்த சுற்றுமடலில், நேரடி முதலாளியோடு மறைமுக முதலாளியையும் சுட்டுகிறார்: வேலையின் நிலைமைகளை வகுக்கும் அரசுகளும் அமைப்புகளுமே அவர். இப்படத்தில் பலகாரக் கடை முதலாளியைக் காண்கிறோம். ஆலைகளை மூட முடிவெடுத்தோரைக் காண்பதில்லை. அதனால் பழி முழுவதும் ஏழைகளுக்குள்ளேயே பங்கிடப்பட்டு விடுகிறது.

அவ்வாண்டின் இறுதியில் பெல்ஜியம் நிறைவேற்றிய இளைஞர் வேலைவாய்ப்புச் சட்டம் ‘ரொசெட்டா திட்டம்’ என்றே வழங்கலாயிற்று. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தம் பணியாளர் தொகையில் 3 விழுக்காடு அளவுக்கு இளைஞரை அமர்த்த வேண்டுமென்றது அது. நல்ல சட்டமே. ஆனால் மறைமுக முதலாளியின் முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டன: 2011-இல் லியேஜ் பகுதி ஊதுலைகளை நிரந்தரமாக மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது, 2016-இல் செரேங்கின் ஊதுலை தகர்க்கப்பட்டது.

படத்தின் இறுதியில் ரொசெட்டா, பறித்த வேலையைத் தானே துறக்கிறாள். விரக்தியின் எல்லையில், எரிவாயு உருளையைச் சுமக்க முடியாமல் விழுந்து அழுகிறாள். அவளைத் தூக்கி நிறுத்துபவன் காட்டிக்கொடுக்கப்பட்ட ரிக்கே. அங்கே மன்னிப்பு என்ற சொல் பேசப்படுவதில்லை. கை மட்டுமே நீளுகிறது.

திராட்சைத் தோட்ட உவமையில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். எவரும் அவர்களை வேலைக்கு அழைக்கவில்லை, அவ்வளவே. நம் பங்குகளிலும் அவ்வாறு நிற்போர் உண்டு. அவர்களுக்குக் கை நீட்டுவது நம் கடமை. அவர்களை அங்கே நிறுத்தியவர் யார் என்று கேட்பதும் நம் கடமையே.