கையால் வரைந்த ராமாயணம்

‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ ஜப்பானும் இந்தியாவும் சேர்ந்து உருவாக்கிய அனிமேஷன் படம். 1983இல் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்த யுகோ சாகோ, இக்கதையில் மனம் பறிகொடுத்தார். அவரும் கோயிச்சி சசாக்கியும் ராம் மோகனும் இயக்கினர். 1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்தது பின்னாளில் வந்த தொலைக்காட்சி ஒளிபரப்புதான்.

வளர்ந்தபின் மறுபடி பார்ப்பவரை முதலில் நிறுத்துவது கதையல்ல, கைவேலை. ஒவ்வோர் அசைவையும் தாளில் வரைந்து, கண்ணாடி போன்ற தாளுக்கு மாற்றி, பின்பக்கம் வண்ணம் பூசி, தீட்டிய பின்னணி மேல் வைத்துப் படமெடுத்தார்கள். திரையில் ஒரு நொடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். வேட்டி கட்டும் விதம், கைகூப்பும் பாங்கு போன்றவற்றில் இந்தியக் கலைஞர்கள் வழிகாட்டினர். அந்தக் கவனம் இன்றும் தெரிகிறது.

பின்னணி ஓவியங்களே படத்தின் உயிர். கிட்கிந்தைக் காட்சிகளின் காடும் மலையும் அவசரமில்லாமல் தீட்டப்பட்டவை. தேவாரம் என்ற ஊரில் நின்று மேற்கே ஏலமலைச் சரிவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தூரம் கூடக்கூட மலையின் பச்சை நீலமாவது பழகிய காட்சி. ஓவியர்களும் அப்படித்தான் ஆழம் காட்டுகிறார்கள். போர்க்களம் சற்றே நீளம். ஆனாலும் கும்பகர்ணன் எழும் கட்டம் பிரமாதம்.

2025 ஜனவரி 24 அன்று, 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட பிரதி தமிழ்க் குரலுடனும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.