மூன்று பவுண்டு பில்

பயணக் கட்டுரை படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் இதுவரை தமிழில் படித்த ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். ஈஃபிள் கோபுரம் கட்டி முடித்த வருஷம் 1889 என்பது ஞாபகம் இருக்கும். லண்டன் மெழுகு பொம்மைகள் ஞாபகம் இருக்கும். ரோமில் நீரூற்றுக்குள் காசு போட்டது ஞாபகம் இருக்கும். எழுதியவர் ராத்திரி எங்கே படுத்தார்? அறைக்கு என்ன வாடகை? படுக்கையைத் தட்டிப் போட்டது யார்?

ஞாபகம் வராது. உங்கள் மேல் தப்பில்லை. அவர் எழுதவில்லை.

'ஓட்டலுக்குத் திரும்பினோம்' என்று ஒரே வரி. அடுத்த பாராவில் பொழுது விடிந்து, தொட்டுக்கொள்ளச் சட்னி இல்லாத ரொட்டியை மென்றுவிட்டு மியூசியத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாளில் எட்டு மணி நேரம் இருந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முக்கால் மணி நேரம் பார்த்த மோனாலிசாவுக்கு இரண்டு பக்கம். (அந்தக் கூட்டத்தில் முக்கால் நிமிஷம் பார்த்திருந்தாலே பெரிய விஷயம்.)

இத்தனைக்கும் வெளிநாட்டு ஓட்டல் பற்றி இந்தியர் ஒருவர் எழுதிய பிரமாதமான பகுதி நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 'சத்திய சோதனை'. ரா. வேங்கடராஜுலு தமிழ்ப்படுத்தியது. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்ததை எத்தனை பேர் பிரித்தோம் என்பது தனிக் கதை.

1888 செப்டம்பர் கடைசி. பத்தொன்பது வயது முடிய இன்னும் சில நாள் பாக்கி இருக்கும் மோகன்தாஸ் காந்தி கப்பலை விட்டு இறங்குகிறார். கரையிறங்கும்போது போடவேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் சூட்டைப் போட்டிருக்கிறார். சுற்றிப் பார்த்தால் அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அத்தனை பேரும் கறுப்பு. இவர் ஒருவர்தான் வெள்ளை. பெட்டி, சாவி எல்லாம் கிரிண்ட்லே ஏஜெண்டிடம். கப்பலில் யாரோ சொன்னதை நம்பி விக்டோரியா ஓட்டலுக்குப் போகிறார். மறுநாள் ஞாயிறு, அதனால் பெட்டி வராது என்கிறார்கள். மாற்றுத்துணி இல்லாமல் அந்த வெள்ளை உடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வந்த டாக்டர் மேத்தாவின் பளபளத் தொப்பியை எடுத்து ஆசையாய்த் தடவுகிறார், மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக. மேத்தாவுக்குக் கோபம். அங்கேயே முதல் பாடம்: அடுத்தவர் பொருளைத் தொடாதே, சத்தமாய்ப் பேசாதே, பார்த்தவுடனே கேள்வி கேட்காதே.

அந்த நாட்களிலேயே எழுதி வைத்த லண்டன் டைரியில் இன்னொரு நல்ல இடம் உண்டு. ஓட்டலில் அவரை ஒரு குட்டி அறைக்குள் விடுகிறார்கள். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைக்கிறார். கதவு திறந்தால் இரண்டாவது மாடி! லிஃப்ட்.

கடைசியில் வந்தது பில். மூன்று பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு கொடுத்தும் ஏறக்குறையப் பட்டினி. ஒரு பண்டம் பிடிக்கவில்லை என்று இன்னொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் காசு. பம்பாயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பலகாரம்தான் உயிரைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை பெட்டி வந்ததும் பில்லைக் கட்டிவிட்டு வாடகை அறைக்குப் போய்விட்டார்.

கவனியுங்கள், இதில் லண்டன் பாலம் இல்லை, கடிகாரக் கோபுரம் இல்லை. ஒரு ஓட்டல், ஒரு பில், ஒரு அவமானம். ஊரைப் பற்றி வேறென்ன தெரிய வேண்டும்? நாம் யார், அந்த ஊர் நம்மை என்னவாகப் பார்க்கிறது என்பது கோபுரத்தின் மேல் நின்றால் தெரிவதில்லை. ஓட்டல் கவுண்டரில் நின்றால் தெரிந்துவிடும்.

அதே ஆள் 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் மதுரை மேலமாசி வீதியில் சட்டையை, வேட்டியைக் குறைத்து அரையாடைக்கு மாறினார். அதே கோலத்தில் 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக மறுபடி லண்டன் போனார். தங்கியது ஓட்டலில் இல்லை. கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியில் மியூரியல் லெஸ்டர் நடத்திய கிங்ஸ்லி ஹாலில், மொட்டைமாடியில் இருந்த சின்ன அறையில். இரண்டு தங்கல்களுக்கும் நடுவே 43 வருஷம். தல்லாகுளத்தில் குடியிருக்கிற எனக்கு காந்தி மியூசியம் நடை தூரம். 1959-ல் நேரு வந்து திறந்துவைத்தது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. அங்கே போகும்போதெல்லாம் இந்த இரண்டு அறைகளும் ஞாபகம் வரும்.

சரி, காந்தி போட்ட பில்லை நம்மவர்கள் ஏன் தொடரவில்லை? பி.காம். படித்த புத்தி எனக்கு. எதற்கும் பேரேட்டைப் புரட்டித்தான் காரணம் தேடும். புரட்டினால் கிடைக்கிறது. 1960-களில் இங்கிலாந்துக்குப் போன பெரியவர் யாரையாவது கேளுங்கள். 'கையில மூணே மூணு பவுண்டோட இறங்கினேன் தம்பி' என்பார். கதை விடவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. அவ்வளவுதான் எடுத்துப் போகலாம் என்று சட்டம். அமெரிக்காவுக்கு எட்டு டாலர் கணக்கு. 1888-ல் காந்தி ஒரு வார இறுதிக்குக் கட்டிய அதே மூன்று பவுண்டு! அதை வைத்துக்கொண்டு எந்த ஓட்டலில் அறை எடுப்பது?

ஆக, அந்தக் காலத்தில் வெளிநாடு போய் எழுதியவர்களில் பெரும்பாலோர் யாரோ ஒருவருடைய விருந்தாளி. ஏதாவது அரசாங்கம், விமான கம்பெனி, தமிழ்ச் சங்கம், இல்லாவிட்டால் அங்கே வேலையில் இருக்கும் மைத்துனர். பில் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் விலைவாசி கேட்பது நம் மரபும் இல்லை. சாப்பிட்ட இலையைப் புகழ்ந்துவிட்டு வந்துவிடுவோம். நம்முடைய பயணக் கட்டுரையின் தொனி முழுக்க அந்த இலைப் புகழ்ச்சிதான்.

குறை சொல்வது மட்டும் நியாயமில்லை. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடர்கள் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்திராத லட்சம் பேரை விமானத்தில் ஏற்றின. 'இதயம் பேசுகிறது' என்ற தலைப்பு அவ்வளவு ஓடியதால்தான் பின்னால் அதே பெயரில் ஒரு வாரப் பத்திரிகையே வந்தது. சிக்கல் அவருக்குப் பின்னால் வந்த நகல்களில். விசா கியூ, விமானத்தில் தயிர்சாதம் கிடைக்காத சோகம், 'என்ன சுத்தம்! நம்ம ஊரும் இருக்கிறதே' என்ற பெருமூச்சு, கடைசியில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ரசம். இதை எந்த ஊர்ப் பெயருக்குக் கீழேயும் அச்சடிக்கலாம்.

அவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே ஏ.கே. செட்டியார் வேறு வழி காட்டியிருந்தார். 'உலகம் சுற்றும் தமிழன்' 1940-ல் வந்த புத்தகம். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை தோன்றி, அதற்காக நாடு நாடாக அலைந்த மனிதர். வாக்கியம் சின்னது. கட்டடத்தைவிட மனிதர்கள் அதிகம். தன்னைப் பற்றிச் சொல்லவே கூச்சம். பக்கத்துக்கு மூன்று இடத்தில் தன் போட்டோவைப் போடும் இன்றைய பயண ஆசிரியர்கள் அவரைப் படித்தால் தூக்கம் வராது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2004-ல் ரிசர்வ் வங்கி தனிமனிதர் வருஷத்துக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்றது. இப்போது அது இரண்டரை லட்சம் டாலர். செலாவணி தாராளம். ரிட்டயரான வாத்தியார், பேங்க் மேனேஜர், மகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் மாமி, எல்லோரும் சொந்தக் காசில் போகிறார்கள். பில் கட்டுவது நாம். ஆனால் கட்டுரை மட்டும் விருந்தாளி தொனியிலேயே நிற்கிறது. வீடியோக்காரர்கள் வந்த பிறகு இன்னும் மோசம். கேமராவைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டி 'வேற லெவல்' என்கிறார்கள். அந்த அறைக்குக் காசு கொடுத்தது யார் என்று கடைசிவரை சொல்வதில்லை.

இதனால் நஷ்டம் படிக்கிறவருக்கு. 'பாரிஸில் மூன்று இரவு' என்று பேக்கேஜ் நோட்டீஸில் இருக்கும். ஓட்டல் பாரிஸில் இருக்காது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும். தல்லாகுளம் என்று சொல்லி மேலூரில் இறக்கிவிடுவது மாதிரி. ஊருக்குள்ளேயே சின்ன ஓட்டல் பிடித்தால் அது வேறு அனுபவம். பழைய கட்டடம். வளைந்து வளைந்து ஏறும் படி. லிஃப்ட் இருந்தால் ஒரு ஆளும் ஒரு பெட்டியும் போகலாம். இரண்டு பெட்டி என்றால் ஆள் படியேற வேண்டும். கட்டிலைச் சுற்றிப் போக பக்கவாட்டில் நடக்க வேண்டும். பக்கெட், மக் கிடையாது. மதியம் இரண்டு மூன்று மணிக்கு முன்னால் அறை கிடையாது. ராத்திரி முழுக்க விமானத்தில் உட்கார்ந்து காலை ஏழு மணிக்குப் போய் நின்றாலும் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் டவுன்ஹால் ரோடு லாட்ஜில் நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்களோ அதிலிருந்து 24 மணி நேரம் உங்களுடையது. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பா நம்மிடம் படிக்கலாம். ஆனால் அந்தச் சின்ன ஓட்டல் சன்னலைத் திறந்தால் கீழே ரொட்டிக்கடை வாசனை, எதிர் வீட்டுப் பாட்டி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குப்பை வண்டி. அது பாரிஸ்.

அறையைச் சுத்தம் செய்கிறவர்களும்தான் பாரிஸ். பீகார் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1933-ல் எழுதிய முதல் புத்தகம் பாரிஸ் ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவியதைப் பற்றியது. முன்பக்கம் சரவிளக்கு, ஒரே ஒரு கதவுக்குப் பின்னால் அழுக்கும் வியர்வையும். கதவைத் தாண்டும்போது சர்வரின் முகமே மாறிவிடுவதை அவர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு, எந்த ஓட்டலிலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது தமிழ் கேட்கிறது. காரே து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதி முழுக்க யாழ்ப்பாணத்துக் கடைகள். ஷோபாசக்தி 1993-ல் பாரிஸ் போனவர். பாத்திரம் கழுவியது, சமைத்தது, ஓட்டலில் பெட்டி தூக்கியது, தெருக் கூட்டியது என்று எல்லா வேலையும் பார்த்துக்கொண்டே 'கொரில்லா' எழுதினார். 2015-ல் கான் படவிழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தின் கதாநாயகன் அவர்தான்; அதிலும் அவருக்குக் குடியிருப்பைப் பராமரிக்கும் வேலை. ஒரே பாரிஸ், ஒரே மொழி. நம் பயணக் கட்டுரையாளர் முன்வாசல் வழியாகப் போகிறார், ஈழத்து எழுத்தாளர் பின்வாசல் வழியாக. இரண்டு பேரும் சந்தித்துக்கொண்ட பக்கம் ஒன்றுகூட எனக்குக் கண்ணில் படவில்லை. தமிழ் வாசகனுக்கு இது சாதாரண இழப்பு இல்லை.

வணிக சினிமா பரவாயில்லை. 2014-ல் வந்த 'குயின்' இந்திப் படத்தில் கல்யாணம் நின்றுபோய்த் தேனிலவுக்குத் தனியாக பாரிஸ் போகும் ராணிக்கு, அங்கே ஓட்டலில் வேலை பார்க்கும் விஜயலட்சுமிதான் துணை. கோபுரத்தைவிட அந்த வேலைக்காரப் பெண்தான் படம்.

நிஜத்திலும் ஒரு கதை நடந்தது. 2019 ஜூலையில் பாரிஸின் பட்டின்யோல் பகுதியில் உள்ள ஐபிஸ் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இருபது பேர் சுமார். பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். கான்டிராக்ட் கம்பெனி ஆட்கள். மணிக்கு மூன்றரை அறை முடிக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு அறைக்குப் பதினேழு நிமிஷம். படுக்கை, குளியலறை, குப்பை, தரை எல்லாம் சேர்த்து. 22 மாதம் இழுத்து, கொரோனாவையும் தாண்டி, 2021 மே மாதம் ஜெயித்தார்கள். அதில் முன்னால் நின்ற ராஷெல் கெக்கே அடுத்த வருஷம் பிரான்ஸ் பாராளுமன்றத்துக்கே எம்.பி.யாகப் போனார். அந்த இரண்டு வருஷத்தில் பாரிஸ் போய்வந்து எழுதிய நம்மவர் கட்டுரையில் இது ஒரு வரி?

வெளியூரை விடுங்கள். மதுரையும் பாண்டியர் தலைநகர்தான். கிழக்கின் ஏதென்ஸ் என்று போர்டு வைக்காத குறை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுக்கு லாட்ஜ் மாடியிலிருந்து மீனாட்சி கோபுரம் தெரியும் என்பார்கள். பாரிஸிலிருந்து வருகிறவன் கோபுரத்தை எழுதிவிட்டுப் போய்விடுவான், கவலையில்லை. ரயிலை விட்டு இறங்கி ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக வந்து நிற்கும் நம்ம ஊர்ப் பெண்ணுக்கு எத்தனை கவுண்டரில் சாவி கொடுப்பார்கள்? ஆம்பிளை தனியாக வந்தாலே 'சிங்கிளுக்கு ரூம் இல்ல சார்' என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிற இடம் உண்டு; எனக்கே வேறு ஊரில் நடந்திருக்கிறது. தற்கொலை கேஸ் வந்தால் போலீஸ் தொல்லை என்பது அவர்கள் பயம். நியாயமும் இருக்கலாம். ஆனால் ராணி மங்கம்மாள் ரயில்வே ஸ்டேஷன் எதிரே பெயர் விட்டுப்போன சத்திரத்தில் யாரையும் 'தனியாவா வந்தீங்க' என்று கேட்டிருக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை ராத்திரி எங்கள் தல்லாகுளம் ரோட்டோரத்தில் துண்டை விரித்துப் படுக்கிற ஆயிரக்கணக்கான பேரிடமும் யாரும் கேட்பதில்லை. விடியும்போது நீர்மோர் கொடுக்கிறார்கள்.

அடுத்து பாரிஸோ ரோமோ போய்வந்து புத்தகம் போடப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கோபுரத்தின் உயரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அறை வாடகை எவ்வளவு என்று எழுதுங்கள். கட்டியது யார் என்றும்.